ஈரம் படாத இடம்

சலவைக்கூடத்தில் அவளுக்கு ஸ்வெட்டர் என்று பெயர். நீராவி இஸ்திரி மெஷினுக்கு நாலடி தள்ளி நின்றாலே மற்றவர்களுக்கு முதுகு நனைந்துவிடும். அவளோ மெஷினை ஒட்டி நின்றுகொண்டு, சாம்பல் நிறக் கம்பளி ஸ்வெட்டரைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, தலையணை உறை தேய்ப்பாள். அப்படியும் விரல்நுனி சில்லென்றிருக்கும். அந்தப் பெயரை வைத்தவள் அவளோடு ஜோடியாக வேலை செய்யும் மடிப்புக்காரி. கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை, வாய் சும்மா இருக்காமல் வைத்தாள். ஒரே வாரத்தில் அது சூப்பர்வைசர்வரைக்கும் போய்விட்டது.

அந்தக் கூடத்துக்கு இரண்டு பக்கம். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் துணி முதலில் ஈரப்பக்கத்தில் இறங்கும். அங்கே ரப்பர் பூட்ஸ் போட்டவர்கள் கறை பார்த்துப் பிரித்து, அலசி, வெளுத்து, பிழிந்து, தள்ளுவண்டியில் ஏற்றி அனுப்புவார்கள். தரையில் எந்நேரமும் தண்ணீர் நிற்கும். இந்தப் பக்கம் சூட்டுப்பக்கம். விரிப்புகளை உருளை மெஷின் இழுத்துக்கொண்டு தேய்த்துத் தள்ளும். கோட்டு, சட்டை, உறைகளுக்கெல்லாம் மிதி வைத்த நீராவி மெஷின். மிதித்தால் மேல்பலகை இறங்கி அழுத்தும், காலை எடுத்தால் ஏறும். பதினோரு வருஷமாக அந்த மிதியில் அவள் கால்தான். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும், நாலு எண்ணினால் துணி பழுப்பாகிவிடும். எண்ணாமலே அது அவள் காலுக்குத் தெரியும்.

தெரியும் என்பதெல்லாம் பழைய கதை. இரண்டு வருஷமாகக் கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. காலையில் படுக்கையிலிருந்து எழுவதற்குள் அரை நாள் வேலை செய்த அலுப்பு வந்துவிடும். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. பாதிச் சோறுதான் இறங்குகிறது, ஆனால் வளையல் கையில் ஏற மாட்டேன் என்கிறது. முகம் ஊதிக் கிடந்தது. குரல் கட்டிப்போய், போனில் பேசினால் எதிர்முனையில் "சொல்லுங்க சார்" என்றார்கள்.

வீட்டில் இத்தனைக்கும் சேர்த்து ஒரே வார்த்தைதான் வைத்திருந்தார்கள், சோம்பேறித்தனம். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். "நான் போய் ஆயில் போட்டா எந்த லிஃப்ட்டும் ஏறிடும். இது ஒண்ணு மட்டும் தரைத்தளத்தை விட்டு நகர மாட்டேங்குது" என்பான். அவன் அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், அவர்களோடுதான் இருந்தாள். முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுப்பாள். காலையில் ஐந்து மணிக்கே அவள் மெஷின் ஓட ஆரம்பித்துவிடும், அந்தச் சத்தமே ஒரு குத்தல்தான். பதினாறு வயது மகள் ஒருநாள் சொன்னாள், "நீ தூங்காத நேரம் எதுன்னு எழுதிக் குடும்மா, அப்ப வந்து பேசறேன்."

எல்லாருக்கும் அவள் சொன்ன பதில் ஒன்றுதான். "உடம்பு வரல." அதைக் கேட்டால் சிரிப்பார்கள். உடம்பு எங்கே போயிருக்கிறது, எப்போது வரும் என்று விசாரிப்பார்கள்.

கடைசியில் ஒரு டாக்டரின் வெள்ளைக் கோட்டுதான் அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. நாலு எண்ணியும் கால் எழவில்லை. கோட்டின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு. சூப்பர்வைசர் அதை விரித்துப் பிடித்துக் கூடம் முழுக்கக் காட்டிவிட்டு வந்தார்.

"ஸ்வெட்டர், இதான் கடைசி. இன்னொரு துணி கருகினா நீ ஈரப்பக்கம் போயிடு. அங்க கருகறதுக்கு ஒண்ணும் கெடையாது."

ஈரப்பக்கம் என்றதும் அவளுக்குப் பல் கிட்டிவிட்டது. சூட்டு மெஷின் பக்கத்திலேயே நடுங்குகிறவள் பத்து மணி நேரம் தண்ணீரில் நின்றால் என்ன ஆவாள். மெஷினைத் தக்கவைக்க வேண்டும், அதற்கு உடம்பு வர வேண்டும். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே முதலில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். வயது, வேலை, மாதவிலக்கு என்று வரிசையாகக் கேள்விகள். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு நோய் உண்டா என்று ஒன்று. உறவு, எத்தனை வருடமாக என்று பக்கத்தில் இரண்டு கட்டங்கள். அவள் யோசிக்கவே இல்லை, இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

ரத்தம் எடுத்து, மூன்று நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டார். மேஜையில் கம்ப்யூட்டர், அதில் அவருடைய கண்.

"தைராய்டு சுரப்பி சரியா வேலை செய்யல. டி.எஸ்.ஹெச்னு ஒண்ணு பாப்போம். அஞ்சுக்குள்ள இருக்கணும், உங்களுக்கு முப்பத்தெட்டு. எப்படி இத்தனை நாள் நின்னு வேலை செஞ்சீங்க?"

இரண்டு வருஷத்தில் அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவர் மேலே போய்விட்டார்.

"உங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே அந்தச் சுரப்பிய எதிரின்னு நெனச்சுத் தாக்குது. கொஞ்சம் கொஞ்சமா அது படுத்துடுச்சு."

"என் உடம்பேவா?"

"ஆமா."

"நான் அதுக்கு என்ன பண்ணினேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. சில குடும்பத்துல வரும், பொம்பளைங்களுக்கு அதிகமா வரும். தினமும் காலைல வெறும் வயித்துல ஒரு மாத்திரை, தண்ணியில. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் டீ, காபி, சாப்பாடு எதுவும் கூடாது. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பாக்கலாம்."

"எத்தனை நாளைக்கு சாப்பிடணும்?"

"எப்பவும்."

அடுத்தவரைக் கூப்பிட மணி அடித்துவிட்டார். வெளியே மருந்துச் சீட்டில் முத்திரை குத்திய சிஸ்டர்தான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னாள்.

"பயப்படாதீங்கக்கா. வீட்டுக்குக் காவல்காரன் வச்சிருக்கோம்னு வைங்க. அவன் ஒருநாள் வீட்டு ஆளையே திருடன்னு நெனச்சு அடிக்க ஆரம்பிச்சுட்டான். அதான் இது. அவனை நிறுத்த முடியாது. அடி வாங்கின ஆளு செய்யற வேலைய மாத்திரை செய்யும்."

"ரெண்டு வருஷமா அடிச்சிருக்கான், ஒருத்தருக்கும் சத்தம் கேக்கல பாருங்க" என்றாள் அவள்.

பஸ்ஸில் வரும்போது கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை, கையிலிருந்த காகிதத்தைக் கசக்கிப் பக்கத்து சீட்டுக்காரர் முகத்தில் எறியலாம் போன்ற கோபம். அந்த ஆள் பாவம், மடியில் பையை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம். ஒவ்வொரு நாளும் தன்னைத்தானே திட்டிக்கொண்டு எழுந்திருக்கிறாள். மற்றவர்கள் சொல்லிச் சொல்லி, தான் சோம்பேறிதான் என்று அவளே நம்பிவிட்டாள். அதை நினைக்க நினைக்கத்தான் பொறுக்கவில்லை.

வீட்டில் சொன்னாள். புருஷன் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"அப்ப சோம்பேறித்தனத்துக்கும் மாத்திரை வந்துடுச்சா?"

"வியாதிங்க. டாக்டர் பேர் சொல்லி எழுதிக் குடுத்திருக்கார்."

"எந்த டாக்டர் பேர் சொல்லாம எழுதிக் குடுத்திருக்கான்."

நாத்தனார் ஊசியில் நூல் கோத்தபடி தலையை நிமிர்த்தாள். "எவ்வளவு நாளைக்காம்?"

"எப்பவும் சாப்பிடணுமாம், அண்ணி."

"நல்லாருக்கே. ஆரம்பிச்சா விட முடியாது, அதுக்கப்புறம் மாத்திரை இல்லாம உடம்பு எழுந்திரிக்காது. நான் ஒரு பொடி வாங்கித் தரேன், பக்கத்துத் தெருவுல ஒருத்தி அதைச் சாப்பிட்டுத்தான் எட்டு கிலோ இறங்கினா. உன் உடம்பே உன்ன அடிக்குதுன்னா, அதுக்கு ரத்தத்தைச் சுத்தம் பண்ணணுமே ஒழிய மாத்திரை எதுக்கு?"

புருஷன் போனைத் தட்டிக்கொண்டிருந்தான். "இங்க பாரு. எலும்பு தேயுமாம். நெஞ்சு படபடக்குமாம். முடி கொட்டுமாம்."

"முடி இப்பவே கொட்டுதுங்க."

"அப்ப மாத்திரையும் சாப்பிட்டு மிச்சத்தையும் கொட்டிக்கோ."

அவளுக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஆயுசு முழுக்க ஒரு மாத்திரையைக் கட்டிக்கொண்டு அழுவதா, எலும்பு தேய்ந்தால் பதினோரு வருஷ மிதியை யார் மிதிப்பது என்றெல்லாம் அவளுக்கும் ஓடியது. ஆனால் டாக்டரிடம் கேட்க வேண்டியதை அவனிடம் எப்படிக் கேட்பாள். முதல் வாரம் வீட்டில்தான் மாத்திரை போட்டாள். டீப் பாத்திரத்தோடு நாத்தனார் எதிரில் நிற்பாள். "விடிஞ்சதும் வியாதி முகத்துல முழிச்சாச்சா?" என்பாள். ஏழு நாள் கேட்டுப் பார்த்துவிட்டு, எட்டாம் நாள் மாத்திரை டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். ஆறு மணிக்கு வேலை, ஏழரைக்கு டீ. கணக்கு அழகாகப் பொருந்தியது.

அந்த மாதங்களில் விடாத மழை. சுவரெல்லாம் ஊறிப்போய், உப்பு கரைந்து, தீக்குச்சி பற்றாமல், மடித்து வைத்த விரிப்பு மறுநாள் சில்லென்று கிடந்தது. சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஈரத்தைக் கண்டால் ஜன்மப் பகை. ஆனதால் சூட்டுப்பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கெடக் கூடாத எதுவானாலும் மெஷினுக்கு மேலே, நீராவிக் குழாய் ஓடும் சுவரில் அடித்திருக்கும் பலகையில் வைத்துவிடுவார்கள். மடிப்புக்காரியின் பிஸ்கெட், சாப்பாட்டு உப்பு, சூப்பர்வைசரின் ரசீதுப் புத்தகம், யாரோ ஒருத்தியின் நனைந்த கல்யாணப் பத்திரிகை எல்லாம் அங்கேதான் காயும். அவளும் மாத்திரை டப்பாவை அங்கேயே வைத்தாள்.

காலையில் வந்ததும் எட்டி எடுப்பாள். டப்பா சுடச்சுட இருக்கும். மாத்திரையை விழுங்கிவிட்டு, அந்தச் சூடான டப்பாவைக் கொஞ்ச நேரம் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு நிற்பாள். நாளில் அவளுக்குச் சுகமாக இருந்த நேரம் அது ஒன்றுதான். டாக்டர் சொன்னபடி ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஒரு வாய் டீகூடக் குடித்ததில்லை. மடிப்புக்காரி பிஸ்கெட்டை நீட்டினாலும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கை நீட்டினாள்.

மூன்று வாரம், ஐந்து வாரம், ஏழு வாரம் ஆயிற்று. குளிர் போகவில்லை.

"மாத்திரை சாப்பிடறேன்னு சொன்னியே, எப்ப ஸ்வெட்டரக் கழட்டப்போற?" என்றாள் மடிப்புக்காரி.

"நீ எப்ப வாயக் கழட்டி வைக்கிறியோ அன்னிக்கு."

இரண்டு மாதம் முடியும் தறுவாயில் மறுபடி ரத்தம் கொடுத்தாள். முடிவு சாயங்காலம் மகளின் போனுக்கு வந்தது. மகள் படித்தாள். "நாப்பத்து நாலும்மா. போன தடவை எவ்வளவு?"

நாத்தனாரின் தையல் மெஷின் நின்றது. "நான் அன்னிக்கே சொன்னேன்."

"ஏறியிருக்கா?" என்றான் புருஷன். "மருந்து சாப்பிட்டு நோய் ஏறின கதைய இப்பதான் கேக்கறேன். நாளைலருந்து நிறுத்திடு. ரெண்டு மாசம் பாத்தாச்சு, போதும்."

"டாக்டரக் கேக்காம நிறுத்தக் கூடாதுங்க."

"அந்த டாக்டர் கிட்ட போய்த்தானே ஏறியிருக்கு. படுத்துக் கெடக்கறதுக்கு உனக்கு ஒரு காரணம் வேணும். அந்தக் காகிதத்தை வச்சுக்கிட்டு ஆடறே."

எதை வைத்து அவள் பதில் சொல்வாள். நாற்பத்து நாலு அவர்கள் பக்கம் நின்றது.

மறுநாள் காலை, மாத்திரை போட்டுக்கொண்டு மிதியில் கால் வைத்தவள், முதல் வண்டியிலேயே ஓட்டல் தலையணை உறை ஒன்றைக் கருக்கினாள். சூப்பர்வைசர் சத்தம் போடவில்லை. ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனார். பூட்ஸ் அவளுக்கு இரண்டு அளவு பெரிது.

மத்தியானம்வரை தண்ணீரில் நின்று ஆஸ்பத்திரி விரிப்புகளில் ரத்தக்கறை பார்த்துப் பிரித்தாள். விரல்கள் வெளுத்து, வளையாமல் போயின. ஒரு விரிப்பை இரண்டாம் தடவை உதறும்போது கை தானாக நின்றது. பூட்ஸை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு, ஈரக் காலோடு சூட்டுப்பக்கம் போய்ப் பலகையிலிருந்து டப்பாவை எடுத்தாள்.

"எங்கடி போற?" என்றாள் மடிப்புக்காரி.

"இத யாரு எழுதிக் குடுத்தானோ அவன் மூஞ்சில வீச."

சொன்னதில் பெரிய மாற்றம் இல்லை. டாக்டரின் மேஜை மேல் வீசினாள், அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கு முன்னால் ஒரு பேச்சு நடந்தது. அவர் முடிவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பேனாவை எடுத்தார்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"தினமும்."

"ஒரு நாள்கூட விடாம?"

"ஒரு நாள்கூட."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்கம்மா. ரத்தம் பொய் சொல்லாது. சரி, அளவ ரெண்டு மடங்காக்கறேன். இதையாவது ஒழுங்கா சாப்பிடுங்க."

அப்போதுதான் வீசினாள். மூடி தெறித்து, மாத்திரைகள் கண்ணாடிப் பலகையெல்லாம் உருண்டன.

"எண்ணுங்க" என்றாள். கட்டிப்போன அந்தக் குரல் வாசல்வரைக்கும் கேட்டது. "நூறு மாத்திரை. அம்பத்தெட்டு நாள். நாப்பத்திரண்டு இருக்கணும். ஒண்ணு கூடக் கொறச்சலா இருந்தா நான் பொய் சொல்றேன்னு வச்சுக்கலாம். எண்ணுங்க டாக்டர். வீட்ல சோம்பேறிங்கறாங்க, வேலைல துணியக் கருக்கறேங்கறாங்க, இங்க வந்தா பொய் சொல்றேங்கறீங்க. உங்க ஆஸ்பத்திரி விரிப்பத்தான் காலைலருந்து தண்ணில நின்னு பிரிச்சுட்டு வரேன். எண்ணுங்க."

சிஸ்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். டாக்டர் எண்ணவில்லை. ஒரு மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளையாக இருக்க வேண்டியது பழுப்பேறி, விளிம்பு உதிர்ந்து, விரலில் மாவாக ஒட்டியது.

"இத எங்க வச்சிருந்தீங்க?"

"வேலை செய்யற எடத்துல."

"அங்க எங்க?"

"மெஷினுக்கு மேல. ஈரம் படாத எடம்."

"சூடா இருக்குமா?"

"டப்பாவே கையச் சுடும்."

அவர் மாத்திரையை மேஜையில் வைத்தார். "இந்த மருந்து சூட்டுக்கு ஆகாதும்மா. நீராவிக்கும் ஆகாது. வீரியம் போயிடும். எவ்வளவு போயிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. நீங்க பேருக்குத்தான் மாத்திரை சாப்பிட்டிருக்கீங்க."

"யார் சொன்னா சூட்டுக்கு ஆகாதுன்னு?"

"டப்பால போட்டிருக்கு."

அவள் டப்பாவை எடுத்துப் பார்த்தாள். லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி, அதுவும் அவள் படித்த மொழியில் இல்லை. டப்பாவை அவர் பக்கம் திருப்பினாள்.

"டீ குடிக்காதேன்னு சொன்னீங்க, குடிக்கல. வெறும் வயித்துலன்னு சொன்னீங்க, செஞ்சேன். நான் என்ன வேலை செய்யறேன்னு உங்க தாள்ல எழுதியிருந்தேன். சலவைக்கூடம், இஸ்திரின்னு. நீங்க இன்னிக்குக் கேட்டது நான் பொய் சொல்றேனான்னு மட்டும்தான்."

டாக்டர், எழுதிவைத்த சீட்டைக் கிழித்தார்.

"நான் சொல்லியிருக்கணும். கேட்டும் இருக்கணும். இந்த ரெண்டு மடங்கு அளவ நீங்க புது டப்பால சாப்பிட்டிருந்தா, நெஞ்சு படபடத்து நேரா இங்கதான் வந்திருப்பீங்க."

"எலும்பு தேயும்ங்கறாங்களே, அது?"

"அளவு மீறி ரொம்ப நாள் போனா. அதுக்குத்தான் ரத்தம் பாத்துப் பாத்துக் குடுக்கறோம். சரியான அளவுல இது வெளி மருந்து மாதிரியே இல்ல. உங்க சுரப்பி தர வேண்டியதை நாம தரோம். அதைத் தராம விட்டாத்தான் இதயம் கெடும்."

"இத அன்னிக்கே ரெண்டு நிமிஷம் சொல்லியிருந்தா, எவன் போனப் பாத்து என்ன சொன்னாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்" என்றாள். "இப்ப ஒரு லெட்டர் குடுங்க. எனக்கு என்ன வியாதி, ஈரத்துல ஏன் நிக்கக் கூடாது, எத்தனை வாரத்துல சரியாகும்னு. சூப்பர்வைசருக்குப் புரியற மாதிரி பெரிய எழுத்துல."

அவர் எழுதினார். அவள் ஒவ்வொரு வரியையும் அவரையே படித்துக்காட்டச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

சூப்பர்வைசர் லெட்டரை வாங்கி இரண்டு தடவை படித்தார். "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன" என்றார், ஏதோ அவள் இத்தனை நாளும் மறைத்துவைத்தது போல. மிதி மெஷின் இல்லை, எண்ணி அடுக்கும் மேஜையில் இரண்டு மாதம் உட்காரலாம், பிறகு பார்க்கலாம் என்றார். மெஷினைத் திரும்ப வாங்காமல் விடப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். புது டப்பாவை மகளின் புத்தக அலமாரியில், நிழலாக ஒரு மூலையில் வைத்தாள்.

வீட்டில் விஷயம் தெரிந்தபோது புருஷன் விழுந்து விழுந்து சிரித்தான். "மாத்திரைக்கே இஸ்திரி போட்டிருக்கா பாரேன்." அவளும் ஒரு வாய் சிரித்திருப்பாள், அவன் மேலே சொல்லாமல் இருந்திருந்தால். "இதுல டாக்டர் மேல கோபம் வேற."

அது ஞாயிற்றுக்கிழமை. மணி ஒன்பது ஆகியும் மகள் எழுந்திருக்கவில்லை. நாத்தனார் கையில் திரைத்துணியோடு அந்த அறையை எட்டிப் பார்த்தாள்.

"ஏய், எழுந்திரு. அப்படியே அம்மா மாதிரி. எழுந்திரிக்கவே மனசு வராத சோம்பேறி ஜன்மம்."

போர்வைக்குள்ளிருந்து மகள் முனகினாள். "இருங்கத்தை. உடம்பு வரல."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் அதை அணைக்கவில்லை. அந்த இரண்டு சொல்லையும் அவள் மகளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை, தினமும் சொல்லிப் பழக்கியிருந்தாள், அவ்வளவுதான். அவளுக்கும் யாரோ அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். அவள் அம்மா. அட்டைப்பெட்டி ஒட்டிக் கொடுக்கிற வேலை அம்மாவுக்கு. பசைக் கிண்ணத்தில் விரல் இருக்கும்போதே கண் செருகிவிடும். கொளுத்தும் வெயிலில் அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முகம் ஊதி, புருவம் பாதி உதிர்ந்து, குரல் ஆண் குரலாகி. எதிர்வீட்டில் அவளை எருமை என்று சொல்வார்கள். ஐம்பத்தொரு வயதில் ஒரு காலையில் எழுந்திருக்கவே இல்லை. இதயம் என்றார்கள்.

பதினேழு வயதில், பெட்டி வாங்க வந்த ஆள் முன்னாலேயே, அவள் அந்த அம்மாவைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். "உன்ன மாதிரி ஒரு சோம்பேறிய நான் எங்கயுமே பாத்ததில்ல. எழுந்து தொலையேன்." அம்மா பசைக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சொன்னாள், "உடம்பு வரலடி."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அண்ணி, இனிமே அந்த வார்த்தை இந்த வீட்ல கெடையாது."

"என்ன வார்த்தை? நான் என்ன இல்லாததச் சொல்லிட்டேன்?"

"சோம்பேறிங்கற வார்த்தை. என்னையும் சொல்லக் கூடாது, என் பொண்ணையும் சொல்லக் கூடாது. எங்கம்மா அந்த வார்த்தையக் கேட்டுக் கேட்டே செத்தா. சொன்னது வேற யாரும் இல்ல, நான்தான். ஒரு தடவையாவது டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போவோம்னு எனக்குத் தோணல. சொல்றது சுலபமா இருந்துச்சு, சொல்லிட்டேன்."

"ஏய், அக்கா கிட்ட என்ன பேச்சு இது" என்று எழுந்தான் புருஷன்.

"உங்க கிட்டயும் அதே பேச்சுதான். லிஃப்ட் நின்னா என்ன பண்ணுவீங்க? அதைத் திட்டிட்டு வீட்டுக்கு வந்துடுவீங்களா? கழட்டிப் பாப்பீங்க இல்ல? ரெண்டு வருஷம் கூட இருந்தீங்க, ஒரு நாள் என்னன்னு பாத்தீங்களா? போனைத் தட்டினீங்க. அதுவும் நான் மாத்திரை வாங்கினதுக்கப்புறம், அதை நிறுத்தறதுக்கு."

எழுந்தவன் மறுபடி உட்கார்ந்துவிட்டான். நாத்தனார் திரைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னறைக்குப் போனாள். மெஷின் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை. மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை, அந்த வீட்டில் அது வழக்கமும் இல்லை.

மகள் போர்வையை விலக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து மகளின் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள்.

"குளிருதா உனக்கு?"

"இல்லம்மா. நேத்து பரீட்சைக்குப் படிச்சுட்டு லேட்டாத் தூங்கினேன், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா இருக்கலாம். ரத்தம் குடுத்துப் பாத்துட்டு அவ்வளவுதான்னு சொல்லுவோம்."

திங்கட்கிழமை இருவரும் போனார்கள். சிஸ்டர் மகளிடம் அதே தாளைக் கொடுத்தாள். குடும்பத்தில் யாருக்காவது என்ற இடத்தில் மகள் அம்மா என்று எழுதி, இரண்டு வருடம் என்று நிரப்பினாள்.

"சிஸ்டர், என்னோட பழைய தாளைக் குடுங்க" என்றாள் அவள்.

"அது ஃபைல்ல போயிடுச்சுக்கா. எதுக்கு இப்ப?"

"தப்பா எழுதியிருக்கேன்."

"பரவால்லக்கா. டாக்டர் அதெல்லாம் பாக்க மாட்டார்."

"அவர் பாக்கலன்னு எனக்கும் தெரியும். எடுங்க."

சிஸ்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோனாள். ஃபைல் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு எழுதிய இல்லை என்ற சொல் அங்கே தெளிவாக இருந்தது. அவள் பேனாவை அழுத்தி அடித்ததில் தாள் கிழிந்து அடுத்த பக்கத்திலும் கோடு விழுந்தது. மேலே அம்மா என்று எழுதினாள்.

"பாட்டிக்குமா?" என்றாள் மகள். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. யாரும் பாக்கல."

"டாக்டர் பாக்காததை எப்படிக்கா எழுதறது" என்றாள் சிஸ்டர்.

"பக்கத்துல சந்தேகம்னு நீங்க போட்டுக்கோங்க. எனக்குச் சந்தேகம் இல்ல."

இன்னும் ஒரு கட்டம் மிச்சம் இருந்தது, எத்தனை வருடமாக என்று. அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். சட்டை போடாத அம்மாவை, தூங்காத அம்மாவை, கட்டாத குரலில் பேசிய அம்மாவை எங்கிருந்தாவது எடுத்துவர முடியுமா என்று பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து என்று எழுதி, தாளை சிஸ்டரிடம் கொடுத்தாள்.